இடியாப்பத்தில் தொடங்குங்கள்



பேரனுக்கு ஸ்வெட்டர் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசையாகக் குரோஷா ஊசி வாங்கினீர்களே, அந்த ஊசி இப்போது எங்கே இருக்கிறது? பீரோவின் கீழ்த்தட்டில், பாதி முடிந்த துண்டு ஒன்றில் செருகியபடி, பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடக்கும். நம் வாசகிகளின் கடிதங்களில் இந்தக் கதை அடிக்கடி வருகிறது. முதுகுப் பக்கம் முடிந்தது, ஒரு கை முடிந்தது, அதற்குள் பிள்ளை வளர்ந்துவிட்டான். அத்தோடு ஊசியைத் தூக்கி உள்ளே போட்டாயிற்று.

உங்கள் கையை நான் குறை சொல்ல மாட்டேன். எடுத்துக்கொண்ட பொருளைத்தான் சொல்வேன். ஸ்வெட்டருக்கு அளவு வேண்டும், கழுத்து வளைவு வேண்டும், இரண்டு கையும் ஒரே நீளத்தில் வர வேண்டும். கற்றுக்கொள்கிறவருக்கு இதில் எதுவும் முதல் மாதத்தில் வசப்படாது. வசப்பட்டாலும் ஊட்டி, கொடைக்கானல், வால்பாறைப் பிள்ளைகளைத் தவிர யார் அதைப் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்? மார்கழியில் சில விடியற்காலைகள் போடலாம். பிறகு அது போட்டோவுக்கு மட்டும்தான்.

ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை வேறொரு யோசனைக்குக் கொடுக்கிறேன். குரோஷா பழக நினைப்பவர்கள் குழந்தையின் உடம்புக்கு எதையும் போட வேண்டாம். குழந்தையின் சொப்புச் சாமானுக்கு ஒரு சாப்பாடு போடுங்கள்.

மரச்சொப்பு, மண்சொப்பு, எவர்சில்வர் சொப்பு எல்லாம் இன்றும் கோயில் கடைகளில் கிடைக்கின்றன. அடுப்பு உண்டு, குக்கர் உண்டு, இட்லிப் பானைகூட உண்டு. உள்ளே வைக்கத்தான் எதுவும் இல்லை. நாம் மண்ணையும் இலையையும் போட்டுச் சமைத்தோம். மூன்றாம் மாடியில் வளரும் குழந்தைக்கு மண்ணுக்கு எங்கே போவது? இடியாப்பம், தோசை, இட்லி, வடை, அப்பளம், பரிமாற ஒரு வாழை இலை. இவ்வளவையும் போட்டு முடிக்கும்போது குரோஷாவின் அடிப்படைகள் அத்தனையும் உங்கள் கைக்கு வந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பாடம், ஒவ்வொன்றும் ஒரே உட்காரலில் முடியக்கூடியது. அளவு தப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். சின்ன இட்லி என்றால் சின்ன இட்லி, அவ்வளவுதான்.

முதலில் சாமான். நம் அம்மாக்களும் அத்தைகளும் ரேடியோ மேலும் டிவி மேலும் விரித்த வெள்ளை விரிப்புகளை நினைத்துக்கொண்டு மெல்லிய நூலையும் தலைமுடிபோல இளைத்த இரும்பு ஊசியையும் வாங்கிவிடாதீர்கள். அது கைதேர்ந்தவர்களின் வேலை. புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கண்ணி கண்ணுக்குத் தெரிய வேண்டும். எட்டு ப்ளை பருத்தி நூலும் 4 மில்லிமீட்டர் அலுமினிய ஊசியும் போதும். பிடியில் ரப்பர் வைத்தது கிடைத்தால் விரல் வலிக்காது. கறுப்பு, கருநீலம், மெரூன் வேண்டாம். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த நிறங்களில் ஒரு கண்ணிகூடத் தெரியாது. மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு நூல் பார்க்க அழகாக இருக்கும், பிரித்தால் பிரியாது. கற்றுக்கொள்கிறவர் நிறையப் பிரிப்பார்.

கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் எடுத்துத் தருவார்கள். மலிவு, நிறங்களும் அதிகம், பழகிப் பார்க்க அதுவே போதும். வாயில் வைத்துக் கடிக்கிற குழந்தைக்குக் கொடுக்கும் பொருள் மட்டும் பருத்தியில் இருக்கட்டும். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அதுதான் ஒத்துவரும். (தையல் பெட்டியில் கிடக்கும் ஆங்கர் நூலைத் தரும் மதுரா கோட்ஸின் வேர் மதுரை ஹார்வி மில்லில் இருக்கிறது. மதுரா மில்ஸ் 1974-ல் கோட்ஸோடு சேர்ந்து அந்தப் பெயரைப் பெற்றது. பஞ்சும் நூலும் நமக்குப் புதிதல்ல, ஊசிதான் புதிது.) காசு செலவழிக்க மனமில்லையா, பழைய பனியனை அடியிலிருந்து சுற்றிச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே நாடாவாக வெட்டி இழுத்துவிடுங்கள். ஓரம் சுருண்டு தடித்த நூலாகிவிடும். அதற்கு மட்டும் 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஊசி வேண்டும்.

வெள்ளையில் ஒரு கண்டு, பச்சை, பொன்னிறம், இளம்பழுப்பில் கொஞ்சம், ஒரு கத்தரிக்கோல், காது பெரிதாகவும் முனை மழுங்கலாகவும் உள்ள ஊசி ஒன்று, ஓர் ஊக்கு. சாமான் முடிந்தது.

இடியாப்பத்தில் தொடங்குங்கள். அது வெறும் செயின். நுனியில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டி, நூலைச் சுற்றி இழுத்து, மறுபடி சுற்றி இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். முதல் ஐம்பது செயினில் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தொளதொளவென்றும் வரும். எல்லோருக்கும் அப்படித்தான் வரும். இடது கையின் ஆள்காட்டி விரலில் நூல் எப்படி ஓட வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, விரலே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இருநூறு செயினாவது ஆகும். மற்ற புத்தகங்களில் இது பயிற்சி, முடிந்ததும் பிரித்துவிடச் சொல்வார்கள். நாம் பிரிக்க வேண்டாம். இருநூறு செயினை விரலில் தாறுமாறாகச் சுருட்டி, நடுவில் நாலு தையல் போட்டு நிறுத்தினால் வெள்ளை இடியாப்பம் தயார். தொளதொளப்பும் இறுக்கமும் கலந்திருந்தால்தான் அது அச்சில் பிழிந்ததுபோல இருக்கும்.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். ஊசியே இல்லாமல் விரலாலேயே செயின் போடலாம். ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் வீட்டில் உள்ள நூல் எல்லாம் இடியாப்பமாகும். அதற்குத் தயாராக இருங்கள்.

அடுத்தது வாழை இலை. இதில் சிங்கிள் குரோஷாவும் வரி வரியாகத் திரும்பிப் போவதும் பழகிவிடும். பச்சை நூலில் 13 செயின். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டுக்குள்ளும் சேர்த்து இழுத்தால் ஒன்றாகும். இதுதான் சிங்கிள். வரியின் முடிவில் 12 இருக்க வேண்டும். ஒரு செயின் போட்டுத் திருப்பி, மறுபடி 12. இப்படி இருபது வரி.

எண்ணுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எண்ணுங்கள். புதிதாகப் போடுகிறவர்களின் கைத்துண்டு மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போவதற்குக் காரணம் ஒன்றுதான்: வரியின் கடைசிக் கண்ணி ஓரத்தில் ஒளிந்துகொள்ளும், அதை விட்டுவிடுவார்கள். பன்னிரண்டு பதினொன்றாகும், பதினொன்று பத்தாகும். இலையில் இந்தத் தவறை வேண்டுமென்றே செய்யப் போகிறோம். இருபது வரி ஆனதும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு கண்ணியைத் தாண்டிவிடுங்கள். பத்து வரியில் இரண்டு கண்ணி மிஞ்சும். இலைக்கு நுனி வந்துவிட்டது. இளம்பச்சை நூலால் நடுநரம்பு ஓட்டிவிட்டால் சுமார் ஒரு சாண் நீளத்தில் தலைவாழை இலை. நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம் இருக்க வேண்டும் என்பதை அப்படியே குழந்தைக்கும் சொல்லிவிடலாம்.

இனி வட்டம். குரோஷாவின் சுவாரசியம் எல்லாம் வட்டத்தில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தோசைக்கு இரண்டு செயின் போட்டு, முதலில் போட்ட செயினுக்குள்ளேயே ஆறு சிங்கிள் போடுங்கள். (வீடியோக்களில் மேஜிக் ரிங் என்று ஒன்றைக் காட்டுவார்கள். நடுவில் ஓட்டை விழாமல் இறுக்கலாம், நல்லதுதான். முதல் நாளே அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.) அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. அதற்கடுத்த சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு போட்டால் 18. பிறகு 24, 30, 36. ஆறாம் வாய்ப்பாடு தெரிந்தவர் எவரும் தோசை போடலாம். எட்டு சுற்றில் 48 கண்ணி வரும்போது உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒரு வட்டம். பொன்னிற நூலில் ஆறு சுற்று, கடைசி இரண்டு சுற்று இளம்பழுப்பு, ஓரம் முறுகிவிட்டது. சுற்று எங்கே தொடங்கியது என்பது மறந்துபோகும், முதல் கண்ணியில் ஊக்கை மாட்டி வையுங்கள்.

ஏன் ஆறு? சிங்கிள் குரோஷாவில் ஒரு கண்ணியின் அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. வட்டம் ஒரு சுற்றுப் பெரிதாகும்போது அதன் விளிம்புக்கு ஏறக்குறைய ஆறு கண்ணி கூடுதலாகத் தேவைப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பை ஆர் சூத்திரம் இதுதான். ஆறு கொடுத்தால் தட்டையாகப் படுக்கும். கொடுக்காமல் நிறுத்தினால் விளிம்புக்கு இடம் போதாமல் கிண்ணமாகக் குழியும். அதிகமாகக் கொடுத்தால் நூலுக்குப் போக இடமில்லாமல் நெளிநெளியாக அலையடிக்கும்.

கிண்ணமாகக் குழிவது இட்லி. 6, 12, 18, 24 என்று போய், கூட்டாமல் 24-லேயே இன்னொரு சுற்று. இதேபோல் இரண்டு. விளிம்போடு விளிம்பு வைத்துத் தைத்துக்கொண்டே வந்து, மூடுவதற்கு முன் கொஞ்சம் பஞ்சு. இலவம்பஞ்சு வேண்டாம். துவைத்தால் கட்டிகட்டியாகிவிடும், உள்ளே காயவும் காயாது. பழைய சோபா தலையணையில் இருக்கும் பாலியெஸ்டர் பஞ்சு போதும். திணித்து அடைக்காதீர்கள், பூப்போல இருப்பதுதான் இட்லி.

அலையடிப்பது அப்பளம். நாலு சுற்று ஒழுங்காகப் போய்விட்டு, பிறகு ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் விளிம்பு துள்ளிக்கொண்டு எழும், பொரித்த அப்பளம். புதியவர்களின் வட்டத்தில் எண்ணிக்கை தவறி இப்படி நெளிவது சகஜம். அவர்கள் வருத்தப்படுவார்கள். ஆனால் இந்த நெளிவில்தான் கணித ஆசிரியர் ஒருவர் பெரிய விஷயத்தைப் பிடித்தார். லாட்வியா நாட்டில் பிறந்த டைனா டைமினா அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஹைப்பர்பாலிக் தளம் என்ற வளைந்த வெளியை மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கை பட்டால் கிழிந்தன. 1997-ல் அவர் குரோஷா ஊசியை எடுத்தார். ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த வளைவு தானாக உருவாகும். தொடலாம், மடிக்கலாம், கசக்கலாம். அவர் எழுதிய ‘குரோஷேயிங் அட்வெஞ்சர்ஸ் வித் ஹைப்பர்பாலிக் பிளேன்ஸ்’ என்ற புத்தகம் 2009-க்கான விசித்திரத் தலைப்புப் பரிசை வாங்கியது. 2012-ல் அதே புத்தகம் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்றின் ஆய்லர் புத்தகப் பரிசையும் வாங்கியது. டைமினாவின் வழியைப் பிடித்துக்கொண்டு மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் 2005-ல் லாஸ் ஏஞ்சலஸில் நூலாலேயே பவளப் பாறைகள் செய்யத் தொடங்கினார்கள். பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஆகவே உங்கள் தோசை அப்பளமாகிவிட்டால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வடை வளையம். பத்து செயின் போட்டு முதல் செயினோடு சேர்த்து வளையமாக்கி, அந்த வளையத்தைச் சுற்றி 18 சிங்கிள், அடுத்த சுற்றில் மூன்றுக்கு ஒன்று கூட்டி 24. இரண்டு துண்டு, நடுவில் பஞ்சு, உள்விளிம்பும் வெளிவிளிம்பும் தைத்துவிட்டால் மெதுவடை. நூல் கொஞ்சம் கோணினால் வீட்டு வடை, ஒழுங்காக வந்தால் ஓட்டல் வடை.

வடை வந்தால் காக்காயும் நரியும் வந்தாக வேண்டும். விரலில் மாட்டும் பொம்மையாகப் போடலாம். ஆறில் தொடங்கி, பன்னிரண்டாக்கி, அதன்பின் கூட்டாமல் எட்டு சுற்று; உங்கள் விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழாய். நரிக்கு முக்கோணமாக இரண்டு காது. காக்காயைக் கறுப்பில் போட வேண்டுமே என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்க் காக்காய்க்குக் கழுத்து சாம்பல் நிறம்தான், சாம்பலில் போட்டு மூக்கையும் தலையையும் மட்டும் கறுப்பில் முடியுங்கள். பாட்டி பாத்திரத்துக்கு நூல் தேவையில்லை.

பிள்ளை இதெல்லாம் வேண்டாம், பாஸ்தாதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. இருபது செயின் போட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொரு செயினிலும் மூன்று சிங்கிள் போடுங்கள். கை எடுத்ததும் தானாகவே திருகுச்சுருளாகச் சுருண்டு நிற்கும். இதே சுருளை எட்டுக் காலாக வைத்துச் செய்த ஆக்டோபஸ் பொம்மை 2013-ல் டென்மார்க்கில் குறைமாதக் குழந்தைகளுக்காகத் தொடங்கி உலகமெங்கும் பரவியது. கால்களைப் பிடித்துக்கொண்டால் குழந்தை குழாய்களைப் பிடித்து இழுக்காது என்பது போடுகிறவர்களின் நம்பிக்கை. அதற்கு உறுதியான மருத்துவ ஆதாரம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்களாகப் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் நிற்காதீர்கள், முதலில் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் எடுத்து வைக்க ஒரு சுருக்குப்பை. தோசை போட்ட கைக்கு இது புதிதே இல்லை. 48 வரை தட்டையாகப் போய், பிறகு கூட்டாமல் நிமிர்ந்து இருபது சுற்று ஏறினால் பை. வாயருகே இடைவெளி விட்டு விட்டு ஒரு செயின் நாடாவைக் கோத்தால் சுருக்கு. உங்களுக்கு இடியாப்பம் போட முன்பே தெரியும். சொப்புச் சாப்பாடு அலுத்துப்போன பிறகு பல்லாங்குழிச் சோழிக்கும் அஞ்சாங்கல்லுக்கும் அது ஆகும்.

மரப்பாச்சி இருக்கிற வீடுகளில் கொலுவுக்கு முன்னால் ஒரு பாவாடையும் போட்டுவிடலாம். இலைக்குப் போட்டதுபோல ஒரு நீள்சதுரம், இடுப்பில் ஒரு நாடா. காகிதத்திலும் ஜிகினாவிலும் உடுத்தியே பழகிய அந்த ஜோடிக்கு ஒரு மாறுதல்.

வீடியோ பார்த்துப் பழகுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அவர்களுக்கு ட்ரெபிள். பழைய ஆங்கிலப் புத்தகங்கள் பலவும் பிரிட்டிஷ் முறையில் எழுதப்பட்டவை. சிங்கிள் குரோஷா என்ற சொல் வந்தாலே அது அமெரிக்க முறை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதும் அதுவே. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கையை மாற்றிப் பழகத் தேவையில்லை. எதிரில் உட்கார்ந்து கண்ணாடி பார்ப்பதுபோல் கற்றுக்கொண்டால் போதும்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கும் எதிலும் பட்டன், மணி, பிளாஸ்டிக் கண் வேண்டாம். கடையில் விற்கும் பாதுகாப்புக் கண்ணும் வேண்டாம். நூலாலேயே கண் தைத்துவிடுங்கள். ஒரு குழந்தையின் வாய்க்குள் முழுதாகப் போகக்கூடிய எதுவும் ஆபத்து. பொம்மைச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையை வைத்திருப்பார்கள், அதற்குள் அடங்குகிற பொருள் சின்னப் பிள்ளைக்கு ஆகாது. உங்கள் இட்லி அதைவிட நன்றாகப் பெரிதாகவே இருக்கட்டும். நீள நாடாவும் இடியாப்பச் செயினும் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். இடியாப்பத்தைச் சுருட்டி நன்றாகத் தைத்தபின்தான் கையில் கொடுக்க வேண்டும். தவழும் பிள்ளைக்கு அதுவும் வேண்டாம், தோசை போதும்.

கைக்குழந்தைக்குக் காலுறை போட்டால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழை கால் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். குழந்தை ஏன் அழுகிறது என்று வீடே தேடும், காரணம் ஒரு நூலாக இருக்கும். அதனால்தான் நூல் முனைகளை மழுங்கல் ஊசியால் ஒரு திசையில் ஓட்டி, திருப்பி மறு திசையிலும் ஓட்டி மறைக்கச் சொல்கிறோம். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் பொம்மையோ, ஓட்டை ஓட்டையான போர்வையோ, தலையில் தொப்பியோ வேண்டாம். சித்திரை வெயிலில் உல்லன் தொப்பியோடு வியர்த்துக்கொண்டு தூங்கும் குழந்தைகளை நம் ஊரில் இன்னும் பார்க்கிறோம். பிறந்த கையோடு மருத்துவமனையில் போடுவது வேறு விஷயம், அதை மருத்துவர் சொல்லட்டும்.

துவைப்பது சுலபம். புது நிறநூலை முதலில் தனியாக நனைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பஞ்சு வைத்ததைப் பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி, நிழலில் படுக்கவைத்துக் காயப்போடுங்கள். அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது.

கை ஓடத் தொடங்கியதும் விற்கலாமா என்று கேட்பீர்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு பிஐஎஸ் முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் அந்தப் பதிவை முடித்துக்கொள்ளுங்கள்.

விலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்வெட்டர், பனியன் போன்ற பின்னலாடைகளை மெஷின் பின்னிவிடும். கடைகளில் இன்று நாம் பார்க்கும் உண்மையான குரோஷா எல்லாம் யாரோ ஒருவர் ஊசி பிடித்துக் கையால் போட்டது. நூறு ரூபாய்க்குக் குரோஷாப் பை கிடைக்கிறது என்றால், அதைப் போட்டவருக்குக் கூலி என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போடுங்கள். ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் நரசாபுரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் வேலையை அந்தப் பகுதிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய்த் தங்கி ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: வெளிநாட்டுச் சந்தைக்கே சரக்குப் போகிறது, வியாபாரம் ஆண்கள் கையில் இருக்கிறது, நாள் முழுக்க ஊசி பிடிக்கும் பெண்ணை மட்டும் ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிற குடும்பத் தலைவி என்று கணக்கில் வைத்து அற்பக் கூலி கொடுக்கிறார்கள். புத்தகம் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நம் வீட்டில் இன்றும் “சும்மா உட்கார்ந்துதானே போடுற, எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடேன்” என்றுதான் கேட்கிறார்கள். ஒரு இட்லி போட எவ்வளவு நேரமாகிறது என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த தடவை கைவினைக் கண்காட்சியில் பேரம் பேச வாய் வராது. எனக்கு வருவதில்லை.

இவ்வளவு சின்னச் சின்னதாகப் போட்டு என்ன ஆகப் போகிறது என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு தகவல். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற பெண்கள் குழு, சுபஸ்ரீ நடராஜன் முன்னின்று நடத்த, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்து கின்னஸில் இடம்பிடித்தது. அவரவர் வீட்டில் அவரவர் போட்ட துண்டுகளைச் சேர்த்ததுதான் அந்தப் போர்வை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து அந்த ஊசியை எடுங்கள். அதில் மாட்டியிருக்கும் பாதி ஸ்வெட்டரைத் தயங்காமல் பிரித்து உருண்டையாகச் சுற்றுங்கள், ஒரு சொப்புக் கல்யாணத்துக்கே பந்தி போடும் அளவுக்கு அதில் நூல் இருக்கும். போட்டு முடித்து, குழந்தை பரிமாறிய இலையைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். கோணலாக இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள், புதியவர்களுக்குத் தெம்பாக இருக்கும். தேங்காய்ச் சட்னி வரை எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு விதமாகப் போட்டுப் பார்த்தாயிற்று. சாம்பாருக்குத்தான் வழி பிறக்கவில்லை. உங்களில் யாராவது கண்டுபிடித்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் பெயரோடு போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்